கோழிக்கால் குறி போட்ட சீட்டு

நான் சலவைக்காரன். பர்மாவில் பசுந்தாங்கில், ஓடைக்கரையை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் துணி வெளுத்தேன். நாலாவது வரைக்கும் படித்தேன். தமிழ் எழுத வரும். பர்மா எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். என் வீட்டுக்காரிக்கு எந்த எழுத்தும் வராது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குறி.

குறி என்றால் துணிக்குப் போடுவது. சேராங்கொட்டையைக் குத்தினால் பால் வரும். அதில் குச்சியைத் தொட்டு, சட்டைக் கழுத்தின் உள்பக்கம் போடுவோம். சுண்ணாம்பு வைத்தால் கறுக்கும். பிறகு எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. கையில் பட்டால் கொப்பளம். அவள் விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று கொப்பளம் இருக்கும்.

வீட்டுக்கு வீடு குறி வேறு. முனைக் கடை பாய்க்குப் பிறை. கிராணியாருக்குச் சிலுவை, அவரே கேட்டு வாங்கியது. வார்டுத் தலைவருக்கு மூன்று புள்ளி. எந்த வீட்டுத் துணியானாலும் அந்தக் குறிக்குப் பக்கத்தில் எங்கள் சலவையின் குறி ஒன்று இருக்கும். மூன்று கோடு விரிந்து, அடியில் ஒரு கோடு. கோழிக்கால். என் அப்பா போட்டது. சந்தில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

"குறியில்லாத துணி தொலைஞ்ச துணி" என்பாள் வீட்டுக்காரி. துணி மாறிப்போச்சு என்று எங்களிடம் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

எண்பத்தெட்டில் சர்க்காருக்கு எதிராக ஊரே தெருவுக்கு வந்தது. ஆகஸ்டு மாதம். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். கரையில் காயப்போட்ட துணியை எடுக்கக்கூடப் போகவில்லை. துப்பாக்கிச் சத்தம் அடங்கிய பிறகு ஒருநாள் காலையில் குவாட்டர்ஸ் அம்மாள் வந்தார்.

குவாட்டர்ஸ் என்பது சந்தின் கடைசியில் இருக்கும் மஞ்சள் கட்டடம். பட்டாள ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்கள், ஸ்டோர் பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். வாரா வாரம் பச்சை உடுப்பு மூட்டையாக வரும். அந்த அம்மாளின் புருஷனும் அங்கேதான் வேலை. அவர்களுக்கு ஒரே பெண். என் மகளோடு ஒரே வகுப்பு.

அம்மாள் ஒரு சின்னப் பையைக் கொடுத்தார். உள்ளே பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. முதுகுப் பக்கம் முழுக்கக் கறை. காய்ந்து மரப்பட்டை மாதிரி இருந்தது. ஓட்டை ஒன்று.

"இதை எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கோழிக்கால். பக்கத்தில் குவாட்டர்ஸ் வீட்டின் இரட்டைக் கோடு.

"இந்தக் குறி இருந்ததால்தான் என் பெண் கிடைத்தாள்" என்றார் அம்மாள். "ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர் நம் சந்து. குறியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். இல்லாவிட்டால் மற்றவர்களோடு கொண்டுபோயிருப்பார்கள்."

அழவில்லை. கறையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் சோடா உப்பில் ஊறவைத்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம். வெயிலில் போட்டு நனைத்து, மறுபடி போட்டோம். பழுப்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அம்மாள் வாங்க வரவில்லை. வீட்டுக்காரி சட்டையைத் தேய்த்து மடித்து, தன் தகரப் பெட்டியில் வைத்தாள்.

தொண்ணூறில் தேர்தல் வந்தது.

அதே சமயம் எங்கள் வீட்டுக்கு வேறு ஒரு காரியம் இருந்தது. மகள் பத்தாவது தேறிவிட்டாள். எங்கள் வம்சத்தில் முதல் ஆள். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்றாள். மனு வாங்கும் இடத்தில் அடையாளக் கார்டு கேட்டார்கள். எனக்கும் வீட்டுக்காரிக்கும் பழைய மூணு மடிப்புக் கார்டு உண்டு, மகளுக்கு எதுவும் இல்லை. புதுக் கார்டு வேண்டுமானால் தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம் என்று வார்டுத் தலைவர் கடிதம் தர வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் மனுவைத் தொடக்கூட மாட்டார்கள்.

வார்டுத் தலைவரை எல்லாரும் லூஜீ என்போம். பர்மா பாஷையில் பெரியவர் என்று அர்த்தம். சர்க்கார் வைத்த ஆள். கெட்டவர் இல்லை. வெள்ளை ஏஞ்சிதான் போடுவார், பர்மாக்காரர்கள் போடும் கழுத்துப்பட்டையில்லாத சட்டை. கஞ்சி கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார். அவர் பேசுவது பர்மா பாஷை. நான் தமிழில் எழுதுகிறேன்.

மகளோடு போய்க் கேட்டேன். மேசையில் வீட்டுப் பட்டியல் விரித்திருந்தது.

"உன் பொண்ணுதானா? நல்லாப் படிச்சிருக்கா" என்றார். பிறகு பேனாவை மூடினார். "தேர்தல் முடியட்டும். உங்க கலா ஆளுங்க மொத்தமும் சர்க்கார் பக்கம்னு மேலே எழுதிக் குடுத்திருக்கேன். என் பேரைக் காப்பாத்து. மறுவாரம் வந்து கடுதாசி வாங்கிக்க."

இந்தியா வழி ஆட்களை அங்கே கலா என்பார்கள். நல்ல வார்த்தை இல்லை. பழகிவிட்டது.

"போடுறோம் சயா" என்றேன். ஐயா மாதிரி, மரியாதைக்குச் சொல்வது.

வரும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது. "கிடைச்சிரும்லப்பா?" என்றாள். கிடைத்துவிடும் என்றேன்.

சந்தில் யார் எந்தப் பக்கம் என்பது எனக்குத் துணியை வைத்தே தெரியும் என்று நினைத்திருந்தேன். பச்சை உடுப்பு சர்க்கார் பக்கம். லூஜீ வீடு சர்க்கார் பக்கம். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் பர்மா வீடுகள் எதிர்ப்பக்கம். அந்தக் கட்சியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்தப் பக்கம்" என்போம். தமிழாட்கள் எப்போதும் ஆளுகிறவன் பக்கம். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இதில் மட்டும் ஒரே மதம்.

இதைப் பிரசங்கம் மாதிரிச் சொன்னவர் கிராணியார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துப் பேச்சு கிராணி என்பது, அவருக்குப் பெயராகவே நின்றுவிட்டது. மனு எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் போவோம். பாய் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

"கேளும்வே. நமக்கு அரசியல் கிடையாது. வெள்ளைக்காரன் இருந்தான், அவனுக்குச் சலாம். சப்பான்காரன் வந்தான், அவனுக்கும் சலாம். இப்ப இவங்களுக்கு. கை வலிக்கிதுன்னு சலாமை நிறுத்தப்பிடாது."

பாய் சாக்கு மேல் உட்கார்ந்து பருப்பு அளந்துகொண்டிருந்தார். "கிராணியார் சொன்னா சரிதான். நம்ம கடை இங்கனெ இருக்கு. நாளைக்கு ஒருத்தன் வந்து லைசென்ஸ எடுன்னா, அந்தப் பக்கத்துக்காரன் வந்து குடுப்பானாக்கும்?" என்னைப் பார்த்தார். "தம்பி, ஒங்களுக்கு மக காரியம் வேற இருக்கு. கண்ண மூடிட்டுச் சர்க்காருக்குப் போட்டுருங்க."

"கண்ணை மூடுனா படம் தெரியாதே பாய்" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

வீட்டில் சொன்னேன். எந்தப் படத்துக்கு நேரே கோடு போட வேண்டும் என்று தரையில் கரியால் வரைந்து காட்டினேன். வீட்டுக்காரி பார்த்தாள்.

"மகளுக்காக" என்றேன்.

"தெரியுது" என்றாள்.

ஓட்டுப் போடும் இடம் வார்டுப் பள்ளிக்கூடம். தேர்தலுக்கு முதல் நாள் லூஜீ ஆள் அனுப்பினார், மேசைகளுக்கு வெள்ளை விரிப்பு வேண்டும் என்று. கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் விரிப்பு என்னிடம் இருந்தது. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சாயந்திரமே கொண்டுபோய் விரித்தேன். ஓட்டு எண்ணி முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

காலையில் வெயில் ஏறுமுன் வரிசையில் நின்றோம். குவாட்டர்ஸ் ஆட்கள் எங்களுக்கு முன்னால். அந்த அம்மாளும் நின்றார். வீட்டுக்காரியைப் பார்த்துத் தலையை அசைத்தார். யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் தடுப்புக்குள் போனேன். சொன்னபடி போட்டேன். மடித்துப் பெட்டியில் விட்டேன். அடுத்து அவள் போனாள். நேரம் எடுத்தாள். கோடு போட இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல். வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரியாப் போட்டியா?"

"போட்டேன்."

சாயந்திரம் விரிப்பு எடுக்கப் போனேன். எண்ணி முடியவில்லை. வாசலில் கூட்டம். லூஜீ என்னைப் பார்த்து உள்ளே வந்து ஓரமாக நில் என்றார். சீட்டை ஒரு டீச்சரம்மா பிரித்துத் தூக்கிக் காட்டுவார். எந்தப் பக்கம் என்று வாயால் சொல்வார். இரண்டு கட்சி ஆட்களும் எட்டிப் பார்ப்பார்கள். கிராணியார் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து நோட்டில் கோடு இழுத்தார். கணக்கு எழுத அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கம்" என்பார் டீச்சரம்மா. அடுத்த சீட்டு. "அந்தப் பக்கம்." அடுத்தது. "அந்தப் பக்கம்."

முதலில் பர்மா வீடுகளின் சீட்டாக இருக்கும் என்று நினைத்தேன். பெட்டியில் எல்லாம் கலந்துதான் கிடக்கும் என்பது பிறகுதான் புத்தியில் ஏறியது. அள்ள அள்ள ஒரே பக்கம். எப்போதாவது ஒரு சீட்டு சர்க்காருக்கு வரும். அப்போது டீச்சரம்மாவே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வார். குவாட்டர்ஸ் மொத்தமும் எங்கே? பச்சை உடுப்பு எங்கே? எங்கள் தமிழாட்கள் எங்கே? இத்தனை வருஷம் இவர்கள் அழுக்கை வெளுத்திருக்கிறேன். ஒருத்தரையும் எனக்குத் தெரியவில்லை.

லூஜீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஏஞ்சி கசங்கவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

பிறகு டீச்சரம்மா ஒரு சீட்டைத் தூக்கினார். "அந்தப் பக்கம்" என்றார். கையை இறக்கவில்லை. "மூலையில் என்னமோ வரைஞ்சிருக்கே. இது என்ன, கோழியா?"

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

மூன்று கோடு. அடியில் ஒரு கோடு.

லூஜீ கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். பார்த்தார். அவர் முழங்காலுக்கு நேரே மேசை விரிப்பின் மூலை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சேராங்கொட்டைக் கறுப்பில் அதே கோழிக்கால். சீட்டைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"செல்லாது" என்றார்.

அந்தப் பக்கத்து ஆள் எழுந்தான். "கோடு சரியான இடத்தில் இருக்குது. ஏன் செல்லாது?"

"வேற குறி இருந்தா செல்லாது. சட்டம். படிச்சுப் பாரு."

சீட்டு தனியே போயிற்று. கிராணியார் தலையைத் தூக்காமல் எழுதினார்.

முடிந்ததும் விரிப்புகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் இளவட்டங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் என் முதுகைத் தட்டினான். எதற்கு என்று தெரியவில்லை.

வீட்டில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் பாய் கடைக்குப் போயிருந்தாள்.

"எந்தப் பக்கம் போட்டே?" என்றேன்.

களைந்த தண்ணீரை வடித்தாள்.

"எல்லாம் பாத்துட்டாங்க. ஊர் பூராப் பாத்துருச்சு. கோழிக்கால ஏன்டீ போட்டே?"

அவள் கை நின்றது. "பாத்தாங்களா? அது பெரிய ஆபீசுக்குல்ல போவும்?"

"இங்கேயே வச்சு எண்ணுனாங்க."

"எனக்கென்ன தெரியும்" என்றாள். "உள்ள போனேன். நம்ம விரிப்பு கெடந்துச்சு, மூலையில நம்ம குறியோட. கையில ஒரு துண்டுக் காயிதம். எத்தன லச்சம் பேரு போடுறாங்களோ. எல்லாம் ஒரே மாதிரி. குறியில்லாமப் போட்டா எங்கனயாச்சும் தொலஞ்சிருமேன்னு நெனச்சேன்."

"குறி போட்டதாலதான்டீ அது தொலஞ்சுது. செல்லாதுன்னு தூக்கி எறிஞ்சுட்டாங்க."

அவள் என்னையே பார்த்தாள். அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"மகள நெனச்சியா நீ?"

"நெனச்சேன்" என்றாள். "ரெண்டு மகளையும் நெனச்சேன்."

தகரப் பெட்டியைப் பார்த்தாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். கிராணியாரும் இருந்தார். இரண்டு பேர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை.

"நீர்தானே ஆளுறவங்க பக்கம்னு சொன்னீர்?" என்று கேட்டேன்.

"சொன்னேன். உமக்குச் சொன்னேன்" என்றார் கிராணியார். "எனக்கு நான் சொல்லிக்கிடலையே."

"பாய், நீங்க?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நாலு பேரு கேக்க வேற என்னத்தச் சொல்றது? வாயி ஒரு பக்கம் இருந்தாத்தான் கையி ஒரு பக்கம் இருக்க முடியும். சின்னப் புள்ளக்கிக்கூடத் தெரியுமே." பிறகு என்னைப் பார்த்து விழித்தார். "அட அல்லாவே. நீங்க நெசமாவே சர்க்காருக்குப் போட்டுட்டீங்களா?"

"நானா? சீ. நானும் அந்தப் பக்கம்தான்" என்றேன்.

சர்க்காருக்கு விழுந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சீட்டு. அதில் ஒன்று என்னுடையது என்று யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "அப்ப நம்ம வீட்டுல ஒண்ணு தொலஞ்சுது, ஒண்ணு போய்ச் சேந்துச்சு" என்றாள். பிறகு வந்த வருஷங்களில் கரையில் துணி அடிக்கும்போது மற்ற பெண்களிடமும் இதைச் சொல்வாள். ஒண்ணு தொலஞ்சுது, ஒண்ணு சேந்துச்சு. நான் கேட்டுக்கொண்டே பிழிவேன்.

லூஜீ மூன்றாம் நாள் வந்தார். எப்போதும் ஆள் மூலம் வரும் துணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். மகள் உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரியும்.

"இனிமே என் ஏஞ்சியில உன் குறி போடாதே" என்றார்.

"உங்க வீட்டுக் குறியா, கோழிக்காலா?"

"எதுவும் வேண்டாம்."

"மாறிப்போயிரும் சயா."

"போவட்டும்."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கடிதம். கையெழுத்தும் முத்திரையும் இருந்தது. எனக்குக் கை நீளவில்லை. வீட்டுக்காரிதான் கொப்பளக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அமா" என்று அவளைக் கூப்பிட்டார். அதுவரை அவளை அக்கா என்று மரியாதையாக அவர் கூப்பிட்டதில்லை. "செல்லாத சீட்டு எந்தப் பக்கமும் இல்ல. இந்த வீட்டிலிருந்து அந்தப் பக்கம் எதுவும் வரலைன்னு நான் எழுதலாம். எழுதிட்டேன்."

வாசலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் வீட்டிலும் ஓட்டு நாலு. ஒண்ணுதான் சர்க்காருக்குன்னு நினைக்கிறேன்."

போய்விட்டார். மகள் கடிதத்தை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நாடு முழுக்க அந்தப் பக்கம்தான் ஜெயித்தது, ஆனால் பதவிக்கு வரவில்லை. வரவிடவில்லை. ஏன் என்று எழுத எனக்குத் தெரியாது. லூஜீயை எடுத்துவிட்டார்கள். வார்டு கைவிட்டுப் போனதற்கு அவர்தான் பொறுப்பாம். மனு மேலே போனபோது, நீக்கப்பட்ட ஆளின் கையெழுத்து செல்லாது என்று திரும்பி வந்தது. அதே வார்த்தை. செல்லாது. புதிதாக வந்தவர் என் முகத்தையே பார்க்கவில்லை. தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், தாள் எங்கே என்று கேட்டார். கிராணியார் எழுதிய மனுக்கள் ஒரு தலையணை அளவுக்கு இருந்தன. நர்ஸ் படிப்புக்கு வயது தாண்டிவிட்டது. மகள் எங்களோடு இஸ்திரி போட்டாள். சில வருஷம் கழித்து அவளுக்கு ஒரு வெள்ளைக் கார்டு கொடுத்தார்கள். தற்காலிகம் என்று அதில் எழுதியிருந்தது. தற்காலிகமாகவே வயது ஏறியது. கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரும் கார்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தில் மறுபடி தேர்தல் என்றார்கள். இருபது வருஷம். கிராணியாரும் பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குவாட்டர்ஸ் அம்மாள் எங்கே என்று தெரியாது. சட்டை மட்டும் பெட்டியில் இருந்தது. வெள்ளைக் கார்டுக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். அந்தக் கார்டில் மகளுக்குக் கிடைத்த ஒரே உரிமை அதுதான்.

வீட்டுக்காரி விடியற்காலையிலேயே குளித்துவிட்டாள். முட்டி வலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மகள் பின்னால் வந்தாள். அதே பள்ளிக்கூடம். மேசைக்கு இப்போது பிளாஸ்டிக் விரிப்பு.

"இந்தத் தடவ குறி போட மாட்டேன்" என்று என் காதில் சொன்னாள். "வெறுங்கோடுதான்."

மேசையில் இருந்த பெண் பட்டியலில் எங்கள் பெயரைத் தேடினாள். விரல் நின்றது. "நீங்கள் மூன்று பேரும் போட்டாச்சே" என்றாள்.

"இல்லை. இப்போதுதான் வருகிறோம்" என்றேன்.

"முன்கூட்டியே வாங்கியாச்சு. போன வாரம். கையெழுத்து இருக்கு பாருங்கள்."

வீட்டுக்காரி குனிந்து பட்டியலைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தாள். பிறகு மகளிடம் தமிழில் சொன்னாள்: "அதுல நம்ம குறி இருக்கான்னு கேளு. இல்லன்னா அது நம்ம வீட்டுது இல்ல."

மகளுக்குத்தான் பர்மா பாஷை தண்ணீர் மாதிரி வரும். மகள் கேட்காமல் தன் பையை இறுக்கிக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டது. "நகருங்க" என்றார்கள். நகர்ந்தோம்.

சந்து முனை வரைக்கும் நடந்தோம். பாய் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. அங்கே மகள் நின்றாள்.

"நான்தான்மா குடுத்தேன்."

"எத?"

"மூணு பேர் ஓட்டையும். வார்டு ஆபீசில கூப்பிட்டாங்க. சர்க்கார் பக்கம் போட்டுக் குடுத்தா கார்டுக்குக் கடுதாசி தர்றேன்னாங்க. உங்க ரெண்டு பேர் சீட்டுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள். கையெழுத்தும் முத்திரையும் இருந்தது. காட்டிய கையில் இருபது வருஷத்து இஸ்திரிச் சூடு. முப்பத்தெட்டு வயது.

வீட்டுக்காரியின் முகம் வெளுத்துவிட்டது. மகளை என்னமோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் சொல்லிவிட்டால் இந்த வீடு ஒட்டாது.

"அவளத் திட்டாதே" என்றேன். "நானும் அதத்தான் செஞ்சேன்."

"எப்ப?"

"தொண்ணூறுல. நானும் சர்க்காருக்குத்தான் போட்டேன். இந்தக் கடுதாசிக்குத்தான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரி என் தோளிலிருந்து கையை எடுத்தாள். கோபமாக எடுக்கவில்லை. எண்ணுவதற்கு எடுத்தாள். கொப்பளத் தழும்பு விழுந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். தொண்ணூறில் ஒன்று, இரண்டு. இப்போது இன்னும் மூன்று. பிறகு எல்லாவற்றையும் விரித்துவிட்டாள்.

"அப்ப நம்ம வீட்டுலேருந்து ஒண்ணுகூடப் போய்ச் சேரலையா?" என்று கேட்டாள்.